வயது கேட்கும் வாயில்

தமிழகத்து ஊர்ப்புறப் பள்ளிகளில் முன்னாளில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையை முதல் வகுப்பிற் சேர்க்க வரும் பெற்றோரிடம் பிறப்புச் சான்று பெரும்பாலும் இராது. தலைமையாசிரியர் பிள்ளையை அருகே அழைத்து, வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடும்படி கூறுவார். விரல் நுனி காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பிற்று என்று கொள்வார். எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு அழைத்து வரச் சொல்வார். திரையரங்கின் வாயிலிலும் இதனையொத்த சோதனை ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி 'ஏ' சான்று பெற்ற படத்திற்கு வயது வந்தோர் மட்டுமே செல்லலாம். வாயிற்காவலர் வருபவரின் முகத்தை ஒரு முறை நோக்குவார். ஐயம் எழுந்தால் ஒரு வினா எழுப்புவார். பின்னர்ச் சீட்டைக் கிழித்து உள்ளே விடுவார்.

இவ்விரு சோதனைகளும் பிழை மலிந்தவை என்பதில் ஐயமில்லை. கை நீண்ட நான்கு வயதுப் பிள்ளை பள்ளியிற் சேர்ந்ததும் உண்டு. மீசை அரும்பிய பதினாறு வயது இளைஞன் அரங்கினுள் நுழைந்ததும் உண்டு. ஆயினும் அவற்றுக்கு ஒரு நன்மை இருந்தது. வாயிலில் நின்றவர் தாம் கண்டதை அப்பொழுதே மறந்துவிட்டார். எந்தப் படத்தை எவர் எந்நாளில் பார்த்தார் என்னும் குறிப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இன்று உலக நாடுகள் பல, இணையத்தின் வாயிலில் வயது கேட்கும் சட்டங்களை இயற்றி வருகின்றன. சிறுவரைத் தீயனவற்றிலிருந்து காத்தல் வேண்டும் என்பதே அச்சட்டங்களின் நோக்கம். நோக்கம் நன்றே. ஆனால் இணையத்தின் வாயிற்காவலருக்குக் கண் இல்லை. ஏடு மட்டுமே உண்டு. முகத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாத அக்காவலர் சான்று கேட்கிறார். கேட்ட சான்றினைக் குறித்தும் வைத்துக்கொள்ள வல்லவராயிருக்கிறார். இவ்வேறுபாட்டினால் விளைந்தவை யாவை என்பதை வரலாற்று முறையில் நோக்குவதே இவ்வுரையின் கருத்து.

இவ்வரலாற்றை 1968ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் பொருந்தும். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகள் அவ்வாண்டில் இரு வேறு நாடுகளில் நிகழ்ந்தன. ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. நியூயார்க் மாநிலத்து லாங் தீவில் எழுதுபொருளும் சிற்றுண்டியும் விற்ற கடைக்காரர் ஒருவர், 1965இல் 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஆபாசப் படங்கள் கொண்ட இதழ்கள் இரண்டை விற்றார். 17 வயது நிரம்பாதோருக்கு அத்தகைய இதழ்களை விற்றல் அம்மாநிலச் சட்டப்படி குற்றம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வயது வந்தோர் படிக்க உரிமை பெற்ற இதழையும் சிறுவருக்கு மறுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 1968 ஏப்ரலில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்கொள்கையை மறுப்பார் சிலரே. கடைக்காரர் செய்யவேண்டியது வாங்குபவரின் முகத்தை நோக்குவது ஒன்றே. வயது வந்த ஒருவருக்கு அதனால் யாதொரு இழப்பும் இல்லை.

மற்றொரு நிகழ்ச்சி தென்கொரியாவில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜனவரி 21ஆம் நாள், வடகொரியப் படைவீரர் 31 பேர் எல்லையைக் கடந்து, குடியரசுத் தலைவர் பார்க் சுங்-ஹீயைக் கொல்லும் நோக்கத்துடன் சியோல் நகரத்திலுள்ள அவரது மாளிகையை நெருங்கிவிட்டனர். முயற்சி முறியடிக்கப்பட்டது. ஆனால் குடிமக்களிடையே கலந்துவிடும் ஒற்றரை எவ்வாறு இனங்காண்பது என்ற கவலை அரசைப் பற்றிக்கொண்டது. அதன் விளைவாக, அதே ஆண்டு நவம்பரில் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் வழங்கும் முறை தொடங்கிற்று. முதல் எண் குடியரசுத் தலைவருக்கே வழங்கப்பெற்றது. 12 இலக்கங்களாக இருந்த அவ்வெண் 1975இல் 13 இலக்கங்களாயிற்று. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் காட்டின. ஏழாவது, ஆணா பெண்ணா என்பதைக் காட்டிற்று. அடுத்து வந்தவை பதிவு செய்யப்பெற்ற ஊரைச் சுட்டின. எண்ணை அறிந்தவர் மனிதரையே ஓரளவு அறிந்தவராயினர்.

ஒற்றரைப் பிடிப்பதற்காகப் பிறந்த அவ்வெண், முப்பது ஆண்டுகளுக்குப் பின் இணையத்தின் வாயிலில் வயதுச் சான்றாக வந்து நின்றது. அக்கதையைக் காணுமுன் இணையம் பிறந்த அமெரிக்காவில் நடந்ததைச் சுருக்கமாக அறிந்துகொள்ளல் நலம்.

1996 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோர் காணும் வண்ணம் ஒழுக்கக்கேடானவற்றை இணையத்தில் வெளியிடுதலைக் குற்றமாக்கிற்று. கடன் அட்டை போன்ற சான்றின் மூலம் வயதை அறிந்தபின் உள்ளே விடுவோர் தண்டனையினின்று தப்பலாம் என்றும் அச்சட்டம் கூறிற்று. 1997 ஜூன் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளைச் செல்லாதனவாக்கிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். சிறுவரைக் காக்கும் நோக்கத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் வருபவர் சிறுவரா பெரியவரா என்று அறியும் திறமான வழி அந்நாளில் இல்லாதபோது, அச்சட்டம் பெரியவர்களின் உரிமையையே பறிப்பதாகும் என்று கண்டது. 1998இல் மீண்டும் இயற்றப்பெற்ற மற்றொரு சட்டமும் பத்தாண்டு வழக்காடலுக்குப் பின் 2009இல் முடிவாக வீழ்ந்தது.

அதே 1998இல் இயற்றப்பெற்ற வேறொரு சட்டம் மட்டும் நிலைத்தது. 13 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் விவரங்களைத் திரட்டுமுன் பெற்றோரின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்பது அதன் விதி. அதனை நிறைவேற்றுதல் தொல்லை என்று கண்ட நிறுவனங்கள் பல, 13 வயது நிரம்பாதோர் வரலாகாது என்று எழுதிவைத்து, வருவோரிடம் பிறந்த ஆண்டை மட்டும் கேட்டன. பிள்ளைகள் ஆண்டை மாற்றிச் சொல்லக் கற்றுக்கொண்டனர். கேட்பவர் கேட்பதுபோற் கேட்க, சொல்பவர் சொல்வதுபோற் சொல்ல, கால் நூற்றாண்டு கழிந்தது. அம்முறையில் எவருடைய அந்தரங்கமும் பெரிதாகக் கெடவில்லை. எந்தக் குழந்தையும் பெரிதாகக் காக்கப்படவும் இல்லை.

தென்கொரியா வேறு வழியிற் சென்றது. 1997இல் அந்நாட்டில் இளையோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 19 வயதுக்கு உட்பட்டோருக்குத் தீங்கானவை என்று வகுக்கப்பெற்றவற்றை வழங்குமுன், பெறுபவரின் வயதை உறுதி செய்துகொள்ளல் வேண்டும். அமெரிக்கரிடம் இல்லாத கருவி கொரியரிடம் இருந்தது. பதிவு எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே வயதைச் சொல்லிவிடும் அல்லவா? பெயரையும் எண்ணையும் கேட்டு, இரண்டும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாயிற்று. எளிதாக இருந்தமையால் அவ்வழக்கம் பரவலாயிற்று. தீங்கான பொருளேதும் இல்லாத தளங்களும், பொருள் விற்கும் கடைகளும், விளையாட்டு அரங்குகளும் உறுப்பினராக வருவோர் அனைவரிடமும் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டன.

இங்கே ஒன்றைக் கருதல் வேண்டும். சிறுவர் எவர் என்று அறியும் பொருட்டு வைக்கப்படும் வினா, சிறுவரை மட்டும் வினவுவதன்று. வருபவர் சிறுவரா அல்லரா என்பது விடை கிடைத்த பின்னரே தெரியும். ஆகவே எழுபது வயது மூதாட்டியும் தம் வயதை மெய்ப்பித்தாக வேண்டும். ஒரு சிலரைத் தடுப்பதற்காக அனைவரும் தம்மை இன்னார் என்று அறிவிக்க வேண்டிய நிலை இவ்வாறே தோன்றுகிறது.

கொரியாவில் அந்நிலை படிப்படியாக வளர்ந்தது. 2007இல் பெரிய இணையத்தளங்களிற் கருத்து எழுதுவோர் தம் மெய்ப்பெயரை உறுதி செய்தபின்னரே எழுதலாம் என்னும் விதி வந்தது. 2009இல் அது நாள்தோறும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் தளங்கள் அனைத்திற்கும் விரிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் கூகுள் நிறுவனத்தின் யூடியூப், இவ்விதிக்கு உட்பட மனமின்றித் தன் கொரியப் பக்கத்தில் படம் ஏற்றுவதையும் கருத்து எழுதுவதையும் நிறுத்திவிட்டது. 2011 நவம்பரில், 16 வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டுகளில் ஈடுபடலாகாது என்னும் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஒற்றரைக் காண்பதற்காகத் தோன்றிய எண், பின்னர் இளையோரைக் காக்கவும், அதன்பின் எழுதுவோரை அடையாளங்காணவும், முடிவில் பிள்ளைகளின் உறக்க நேரத்தை அளக்கவும் பயன்பட்டது. ஒரு நோக்கத்திற்காகத் திரட்டப்பெற்ற அடையாளம் அந்நோக்கத்தின் எல்லையில் நிற்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவு எண்கள் இவ்வளவு இடங்களிற் குவிந்தபின் நிகழக்கூடியது நிகழ்ந்தது. 2006இல் 'லினியேஜ்' என்னும் புகழ்பெற்ற இணைய விளையாட்டில், மிகப் பலருடைய பெயரும் எண்ணும் அவர்கள் அறியாமலே பிறரால் பயன்படுத்தப்பெற்றமை வெளியாயிற்று. 2011 ஜூலையில் எஸ்.கே. கம்யூனிகேஷன்ஸ் என்னும் நிறுவனத்தின் தளங்களிலிருந்து ஏறத்தாழ 3 கோடியே 50 லட்சம் பயனர்களின் விவரங்கள் களவாடப்பட்டன. அந்நாட்டின் மக்கள்தொகையே அப்போது ஏறக்குறைய 5 கோடிதான். பெயர், தொலைபேசி எண் முதலியவற்றுடன், மறைகுறியீட்டில் வைத்திருந்த பதிவு எண்களும் அக்களவிற் சென்றன. பயிரைக் காக்க இட்ட வேலியே பயிரை மேய்ந்தது என்பது நம் நாட்டுப் பழமொழி. இங்கே வேலியின் வழியாகவே கள்வர் புகுந்தனர்.

களவு போன பணத்தை ஈடு செய்யலாம். களவு போன கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். பிறந்த நாளை எவ்வாறு மாற்றுவது? பிறந்த நாளைத் தன்னுட்கொண்ட அவ்வெண்ணை மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடந்தரவில்லை. எண் களவு போனவர்கள் அவ்வெண்ணுடனேயே வாழ்நாள் முழுவதும் இருக்கவேண்டியிருந்தது. இது அரசியலமைப்புக்கு முரண் என்று 2015 டிசம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியபின், 2017 மே மாதத்திலிருந்துதான், தீங்குற்றோர் முறையிட்டு எண்ணை மாற்றிக்கொள்ள வழி பிறந்தது.

மெய்ப்பெயர் விதியை அதே நீதிமன்றம் 2012 ஆகஸ்டு 23ஆம் நாள் ஒருமனதாக நீக்கிவிட்டது. விதி வந்தபின் சட்டத்துக்கு மாறான எழுத்துகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகத் தெரியவில்லை என்றும், மக்கள் வெளிநாட்டுத் தளங்களை நாடிச் சென்றனர் என்றும், பெயர் மறைத்துக் கருத்துரைக்கும் உரிமை பாழாயிற்று என்றும், திரட்டிய விவரங்கள் கசியும் அச்சம் மிகுந்தது என்றும் அத்தீர்ப்பு காரணங்களை அடுக்கிக் காட்டிற்று. அதே மாதத்தில் இணையத்தளங்கள் பதிவு எண்ணைத் திரட்டுவதும் சட்டத்தினால் தடுக்கப்பெற்றது. நள்ளிரவு விளையாட்டுத் தடையும் 2022 தொடக்கத்தில் நீங்கிற்று. அது நடைமுறையில் இருந்த நாளெல்லாம் தாய் தந்தையரின் எண்ணைக் கொண்டு விளையாடிய பிள்ளைகள் பலர்.

ஆயினும் வயது கேட்கும் வழக்கம் அங்கே ஒழிந்ததென்று எண்ணற்க. பதிவு எண்ணின் இடத்தைக் கைப்பேசி எண் பிடித்தது. தொலைபேசி நிறுவனங்கள் அடையாளத்தை உறுதி செய்து தரும் அமைப்புகளாயின. ஆயிரம் இடங்களிற் சிதறிக் கிடந்த ஏடுகள் சில இடங்களிற் சேர்ந்தன. களவின் வாயில்கள் குறைந்தன. ஆனால் எவர் எங்கே சென்றார் என்பதை அறியத்தக்கவர்கள் அச்சிலராயினர்.

கொரியா இவ்வாறு பட்டுத் தெளிந்துகொண்டிருந்த காலத்திலேயே மேலை நாடுகள் அப்பாதையில் அடி எடுத்து வைத்தன. பிரிட்டன் 2017இல் வயதுச் சோதனைக்குச் சட்டம் இயற்றி, நிறைவேற்ற இயலாமல் 2019இல் கைவிட்டது. 2023இல் இணையப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் முதலியவற்றில் வயதுச் சோதனையைக் கட்டாயமாக்கிற்று. அமெரிக்காவில் லூசியானா மாநிலச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. டெக்சாஸ் மாநிலச் சட்டத்தை 2025 ஜூன் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆறு நீதிபதிகளின் பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டது, மூவர் மறுத்தனர். 1997இல் அடைத்த கதவை அதே நீதிமன்றம் 28 ஆண்டுகளுக்குப் பின் திறந்துவிட்டது எனலாம். ஆஸ்திரேலியா ஒருபடி மேலே சென்று, 16 வயது நிரம்பாதோர் சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருத்தலாகாது என்று 2024இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்திற்று.

இம்மாற்றத்துக்குக் காரணம் இல்லாமற்போகவில்லை. 1997இல் இணையம் வீட்டின் ஒரு மூலையில் இருந்தது. இன்று அது பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கிறது. பெற்றோரின் அச்சம் மெய்யானது. முகத்தைப் படம் பிடித்து வயதைக் கணிக்கும் பொறிகளும் தோன்றியுள்ளன. ஆனால் 17 வயதையும் 18 வயதையும் முகத்தால் பிரித்தறிதல் மனிதருக்கும் அரிது, பொறிக்கும் அரிது. பொறி தவறும்போது அரசுச் சான்றைக் காட்டு என்பதே அடுத்த கட்டளையாகிறது. 2025 அக்டோபரில், டிஸ்கார்ட் என்னும் உரையாடல் தளத்துக்குப் பணிபுரிந்த வெளி நிறுவனம் ஒன்றிலிருந்து விவரங்கள் கசிந்தன. ஏறத்தாழ 70,000 பயனர்களின் அரசு அடையாளச் சான்றுப் படங்கள் வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று டிஸ்கார்டே அறிவித்தது. வயதைப் பற்றிய முறையீடுகளுக்காக அளிக்கப்பட்ட சான்றுகள் அவற்றில் இருந்தன. தம் வயதை மெய்ப்பிக்க முயன்றவர்களே இழப்புக்கு ஆளாயினர். சியோலில் 2011இல் கண்ட காட்சி மீண்டும் கண்முன் வந்தது.

இனி நம் நாட்டை நோக்குவோம். ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மறு ஆண்டு செப்டம்பரில் ஆதார் முறையை ஏற்றுக்கொண்ட அந்நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கேட்க இடந்தந்த பகுதியை நீக்கிற்று. ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் பிறந்த நாளோ ஊரோ பொதிந்திருக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும். கொரியரின் எண்ணைப் போன்று அது தானாகவே பேசும் எண் அன்று.

2023 ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. 18 வயது நிரம்பாத ஒவ்வொருவரும் அச்சட்டப்படி குழந்தையே. குழந்தையின் விவரங்களைக் கையாளுமுன், மெய்ப்பிக்கத்தக்க முறையில் பெற்றோரின் ஒப்புதலைப் பெறவேண்டும். குழந்தையின் நடவடிக்கைகளைப் பின்தொடர்தலும், அவற்றுக்கேற்ப விளம்பரங்களைக் காட்டுதலும் ஆகா. இவை போற்றத்தக்க விதிகள். சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பெற்றன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பெற்றது. ஒப்புதல் தருபவர் வயது வந்தவர்தாம் என்பதை நிறுவனம் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். நிறுவனத்திடம் முன்னரே உள்ள விவரங்களாலோ, ஒப்புதல் தருபவர் தாமே அளிக்கும் விவரங்களாலோ, உரிமை பெற்ற அமைப்பு வழங்கும் மின்னணு அடையாள வில்லையாலோ அதனைச் செய்யலாம்.

இவ்விடத்தில் கொரிய நாட்டு அனுபவம் நமக்குப் பயன்படும். குழந்தைக்கு ஒப்புதல் வேண்டுமானால், வருபவர் குழந்தையா என்று முதலில் அறியவேண்டும். அறிவதற்கு அனைவரையும் வினவ வேண்டும். ஒப்புதல் தருபவர் பெற்றோர்தாமா என்றும் பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு இருவரின் உறவையும் பதிய வேண்டும். ஒரே கைப்பேசியைத் தாயும், மகனும், பாட்டியும் மாறி மாறிப் பயன்படுத்தும் இல்லங்கள் நம் நாட்டில் ஏராளம். கையிலிருப்பது எவருடைய கருவி என்பதும் கருவியைப் பயன்படுத்துபவர் எவர் என்பதும் அங்கே வேறு வேறு. எழுத்தறியாத தாய், படிக்கும் மகள் காட்டிய இடத்தில் விரலை வைத்து ஒப்புதல் தருவார். அவ்வொப்புதலால் மகள் காக்கப்படுவாளோ மாட்டாளோ, தாயின் விவரம் மட்டும் ஓர் ஏட்டில் ஏறிவிடும்.

ஆதலால் வயதே கேட்கலாகாது என்று கூறுவது என் கருத்தன்று. கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. வயது வந்தவர் என்னும் ஒரே செய்தியை மட்டும் தெரிவித்து, பெயரையும் பிறந்த நாளையும் தெரிவிக்காத மின்னணுச் சான்றினை உருவாக்குதல் இன்று இயலாததன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் அத்தகைய செயலி ஒன்றின் முன்மாதிரியை வெளியிட்டது. அச்சான்றிலும் இரண்டு காப்புகள் வேண்டும். சான்றைப் பெறும் தளம், அதனைக் காட்டியவர் எவர் என்று அறியலாகாது. சான்றை வழங்கிய அமைப்பு, அது எங்கே காட்டப்பெற்றது என்று அறியலாகாது. இவ்விரண்டில் ஒன்று தவறினும் வயதுச் சான்று நடமாட்டக் குறிப்பேடாகிவிடும். பார்த்த சான்றை உடனே அழித்துவிட வேண்டும் என்றும், வேறு நோக்கத்துக்கு அதனைத் திருப்புதல் குற்றம் என்றும் சட்டமே வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். கொரியாவில் இத்தகைய வரம்புகள் களவு நிகழ்ந்த பின்னரே விதிக்கப்பெற்றன. நம் நாட்டில் அவற்றை முன்னரே விதித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

பிள்ளைகளைக் காக்க விரும்பும் நாம், அப்பிள்ளைகளே நாளை வயது வந்தோராவர் என்பதை மறத்தலாகாது. இன்று அவர்கள் பொருட்டுத் திரட்டப்படும் ஏடுகளுடனேயே அவர்கள் நாளை வாழவேண்டும். அன்றைய தலைமையாசிரியர் பிள்ளையின் கை காதைத் தொட்டதா என்று மட்டும் பார்த்தார். பார்த்தபின் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பிவிட்டு அடுத்த பிள்ளையை அழைத்தார். அவர் அறிய வேண்டியது அவ்வளவே, அவ்வளவையே அறிந்தார். இணையத்தின் வாயிலில் நிற்போருக்கும் அந்த அளவு போதும்.